தெப்பத்துப் பூச்சி

விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. தூத்துக்குடிக்குத் தெற்கே ஓர் உப்பளத்தில், நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு ஆறேழு பேர் வாருபலகை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறினால் உப்பின் வெள்ளை கண்ணைப் பறித்துவிடும். அதனால்தான் இந்த இருட்டு வேலை. நான் பார்க்க வந்தது உப்பை அல்ல, அந்தத் தண்ணீரில் வாழும் ஒரு பூச்சியை. சொன்னதும் ஓர் அக்கா சிரித்துவிட்டார்.

"பூச்சியப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீய தம்பி?"

வெளிச்சம் வந்ததும் தெப்பத்துக்குக் கூட்டிப்போனார். போர்த் தண்ணீர் தேங்கும் பெரிய பள்ளம்தான் தெப்பம். அங்கிருந்து தண்ணீர் பாத்தி பாத்தியாக இறங்கிச் சுண்டும். மிதவை விட்டு டிகிரி பார்ப்பார்கள். கடல்நீர் மூன்றரை காட்டும்; 24, 25 வந்தால்தான் உப்பு இறங்கும். அதற்குள் பாசி பிடித்துவிட்டால் உப்பு அழுக்காகிவிடும். அந்தப் பாசியைத் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பது இந்தப் பூச்சிதான். ஆர்ட்டீமியா என்பது படித்தவர்கள் வைத்த பெயர். மீன் பிழைக்க முடியாத உப்பில் வாழ்வதால் அதற்கு எதிரியும் குறைவு.

தண்ணீர் பாட்டிலில் மொண்டு வெயிலுக்கு நேரே பிடித்தேன். ஒரு சென்டிமீட்டர் இருக்கும். இளஞ்சிவப்பு. மல்லாந்து கிடந்து, இறகு மாதிரிக் கால்களை ஓயாமல் அடித்துக்கொண்டு நீந்தின. சில மட்டும் இரண்டிரண்டாக ஒட்டியே போயின. முன்னால் போவதன் இடுப்பைப் பின்னால் வந்தது கொக்கி போன்ற உறுப்பால் கவ்வியிருந்தது. கவ்வியிருந்தது ஆண்.

எனக்குச் சுருக்கென்றது. இந்தப் பக்கத்து உப்பளங்களின் பழைய ஆர்ட்டீமியாவில் ஆண் கிடையாது, பிறந்தாலும் அபூர்வம். தாய் தானாகவே மகளைப் பெறும், மகள் பேத்தியைப் பெறுவாள். இப்படி ஜோடி கட்டி நீந்துவது அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட ஃப்ரான்சிஸ்கானா. இந்திய உப்பளங்களில் உள்ளூர் இனத்தை அது ஒதுக்கிவிட்டு இடம் பிடிப்பதை 2012-இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

வந்த வழி இறால் தொழில். பொரிப்பகத்தில் பிறந்த இறால் குஞ்சுக்கு முக்கிய உணவே ஆர்ட்டீமியாக் குஞ்சுதான். அமெரிக்காவின் கிரேட் சால்ட் ஏரியில் வாரிய முட்டைகள் டப்பாவில் அடைத்து வரும். ஒரு கிராமுக்கு 2 லட்சத்துக்கு மேல் இருக்கும். வருஷக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் உப்புத் தண்ணீர் பட்டால் ஒரே நாளில் பொரியும். கழிவுநீரோடு கொஞ்சம் தப்பினால் போதாதா? மிச்சத்தைப் பூநாரைகள் காலிலும் குடலிலும் சுமந்து அளம் அளமாக விதைத்துவிடும். வந்தது ஈற்றுக்கு ஈற்று அதிகமாகப் பெருகுகிற ஜாதி வேறு. பறவையைக் குறை சொல்லி என்ன பயன்? டப்பாவை வாங்கினவர்கள் நாம்.

அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"தண்ணி தெளியுதுல்லா?"

"தெளியுது."

"பெறகென்ன?"

எனக்குப் பதில் ஓடவில்லை. அவர் கூலியில் ஒரு ரூபாயும் இதனால் குறையப்போவதில்லை. 2023 டிசம்பர் வெள்ளம் அம்பாரம் அம்பாரமாக உப்பைக் கரைத்துப் போன ஊர் இது. அந்த நஷ்டத்துக்கு முன்னால் என் பூச்சி எம்மாத்திரம்! ஆனாலும், கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்:

"ஆம்பளையே இல்லாமயா பெத்துக்கிடும்? அது எந்தத் தெப்பத்துல கெடக்கு, காட்டுங்க பாப்போம்."

அடுத்த தெப்பத்திலும் மொண்டு பார்த்தோம். ஜோடிகள். அதற்கடுத்ததிலும் ஜோடிகள்தான். அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டு வேலைக்குத் திரும்பினார். தெப்பத்து ஓரத்தில் காபித்தூள் மாதிரி ஒதுங்கிக் கிடந்தது முட்டை. அதை மிதித்துக்கொண்டுதான் வரப்பேறினார். ரப்பர் செருப்பின் குதியில் பழுப்பாக ஒட்டியிருந்தது, பக்கத்துப் பாத்தியில் அவர் கால் வைக்கிற வரைக்கும்.