மணிக்கு நான் கொடுத்த மாத்திரை

எங்க வீட்டு மணிக்கு இப்போ 11 வயசு. நான் நாலாவது படிக்கும்போது பக்கத்துத் தெருவிலிருந்து துண்டில் சுற்றித் தூக்கிட்டு வந்த நாட்டு நாய். போன செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனப்ப, என் செருப்புச் சத்தம் கேட்டாலே கேட்டுக்கு ஓடி வர்றவன், படுத்த இடத்திலிருந்து வாலை மட்டும் ஆட்டினான். எழுந்திருக்க ரெண்டு தடவை முயற்சி பண்ணினான். பின்னங்கால் டைல்ஸில் வழுக்கியது. "அவனுக்கும் வயசாயிடுச்சுப்பா, என்னை மாதிரி"ன்னு அப்பாயி முழங்காலைத் தடவிக்கிட்டே சொன்னாங்க.

அப்பாயிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த ஐபுபுரூஃபென் 400 மில்லிகிராம் மாத்திரை அலமாரியில் இருந்தது. ரெண்டு பேருக்கும் மூட்டுவலி, அப்போ ஒரே மாத்திரை. என் லாஜிக் அவ்வளவுதான். தயிர்சாதத்தில் மறைத்து வைத்து, ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு மூணு நாள் கொடுத்தேன். நான் கையில் எதைக் கொடுத்தாலும் மோந்துகூடப் பார்க்காமல் சாப்பிடுவான் மணி. ரெண்டாவது நாள் கொஞ்சம் நல்லா நடந்தான். எனக்கோ பெருமை தாங்கல.

நாலாவது நாள் காலையில் வாந்தி எடுத்தான். மலம் தார் மாதிரி கருப்பா போனது. ஆட்டோ பிடித்து டவுனில் இருக்கும் கால்நடை டாக்டரிடம் தூக்கிட்டு ஓடினேன்.

"தம்பி, மனுஷங்க மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?" இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. தலையைக் குனிந்துக்கிட்டே சொன்னேன். அவர் திட்டல. ரத்தப் பரிசோதனைக்கு எடுத்துவிட்டு டிரிப்ஸ் ஏற்றினார். அப்புறம் பொறுமையா விளக்கினார்.

உடம்பில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குவதில் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளுக்குப் பெரிய பங்கு. வலி மாத்திரை அதன் உற்பத்தியைக் குறைக்கிறது. ஆனா அதே பொருள்தான் இரைப்பையின் உள்சுவரை அமிலத்திடமிருந்து காப்பாற்றுது, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தையும் பார்த்துக்குது. நாயின் உடம்பிலிருந்து ஐபுபுரூஃபென் சீக்கிரம் வெளியேறாது. வலி குறையும், ஆனா வயிற்றில் புண் வந்து ரத்தம் கசியும். அளவு கூடினால் சிறுநீரகமே போய்விடும். "குதிரைக்கு மூட்டுத் தேய்மானம்னா ஃபீனைல்பியூட்டசோன்னு ஒண்ணு ரொம்ப காலமா குடுக்கிறாங்க. அதுக்காக அந்த அளவை நாய்க்குக் குடுக்க முடியுமா? ஒவ்வொரு உடம்புக்கும் மருந்தும் அளவும் வேற தம்பி" என்றார்.

மணிக்கு வந்திருப்பது வெறும் வயசு இல்லை, ஆர்த்ரைட்டிஸ். மெக்கானிக்கல் பசங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, பேரிங் தேய்ந்த கேஸ். எலும்பு முனையில் இருக்கும் குருத்தெலும்புதான் லைனிங், மூட்டுக்குள் இருக்கும் திரவம்தான் ஆயில். ஒரே வித்தியாசம், இந்த பேரிங்கைக் கழற்றிப் புதுசு மாட்டுவது அவ்வளவு சுலபமில்லை. குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாது, அதனால் தேய்ந்தது தானா வளர்ந்து சரியாவதும் இல்லை. வலியைக் குறைத்து, பாரத்தைக் குறைத்து ஓட்ட வேண்டியதுதான்.

மூணு நாள் டிரிப்ஸ். நல்லவேளை, சிறுநீரகம் தப்பித்தது. வயிற்றுப்புண் ஆறும் வரை எந்த வலி மருந்தும் கிடையாது. அந்த நாட்களில் அவன் எழுந்திருக்க முடியாமல் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியல. அப்புறம்தான் எடை போட்டு, அதற்கேற்ற அளவில் மெலாக்சிகாம் எழுதினார். சாப்பாட்டுக்கு அப்புறம்தான் தரணும், வேற வலி மருந்து கூடச் சேரக் கூடாது, அப்பப்போ ரத்தப் பரிசோதனை பண்ணணும்.

மெலாக்சிகாம் பற்றித் தேடிப் படித்தப்ப இன்னொரு விஷயம் தெரிந்தது. மாடுகளுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, இந்தியாவில் அந்த இனத்தையே அழிவின் விளிம்புக்குத் தள்ளியது. 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். அதற்கு மாற்றாக, கழுகுகளுக்கு ஆபத்தில்லாதது என்று சொல்லப்பட்ட மருந்து இதே மெலாக்சிகாம்தான். ஒரு உயிருக்கு மருந்து, இன்னொன்றுக்கு விஷம் என்பதை எங்க வீட்டுத் திண்ணையிலேயே நான் பார்த்துட்டேன்.

இப்போ மணி படுக்கிற இடத்தில் டைல்ஸ் மேல பழைய சாக்கு விரித்திருக்கோம், கால் வழுக்குறதில்லை. அப்பாயி பாசத்தில் போடும் நெய்ச்சோறை நிறுத்தியதில் எடையும் குறைந்திருக்கு. காலையும் மாலையும் கொஞ்ச தூரம் நடக்கிறான். ஓடல, ஆனா கேட் வரைக்கும் வர்றான்.

உங்க வீட்டு நாய் மாடிப்படி ஏறத் தயங்கினாலோ, எழுந்திருக்கத் திணறினாலோ, வயசாயிடுச்சுன்னு விட்டுடாதீங்க. அது வலியா இருக்கலாம். அதே மாதிரி, வீட்டு அலமாரியையும் திறக்காதீங்க. முதலில் கால்நடை டாக்டரிடம் காட்டுங்க.

மணி இன்னைக்கும் நான் கொடுக்கிறதை மோந்து பார்க்காமத்தான் சாப்பிடுறான். அதனாலதான் இதை எழுதணும்னு தோணுச்சு.