தாத்தாவின் ஹெர்குலிஸ்

போன இதழில் தோழிகள் மழைநீர் சேகரிப்பு பற்றியும் நேரம் தவறாமை பற்றியும் எழுதியிருந்தார்கள். நான் எங்க வீட்டு சைக்கிளைப் பற்றி எழுதுகிறேன். யாரும் சிரிக்கக் கூடாது.

எங்க ஊர் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கிறது. எங்க தாத்தா 1974-ல் விழுப்புரத்தில் ஒரு ஹெர்குலிஸ் சைக்கிள் வாங்கி, அன்றைக்கே மிதித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தாராம். மல்லாட்டை எடுக்கிற காலத்தில் கேரியரில் மூட்டை கட்டி திண்டிவனம் கொண்டு போவார். அப்பா பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து ஆயாவையும் குழந்தையையும் அதில்தான் கூட்டி வந்தாராம். "இது சீமை சைக்கிளு பாப்பா" என்று பெருமையாகச் சொல்வார். யாரையும் தொட விடமாட்டார்.

போன தை மாதம் தாத்தா இறந்துவிட்டார். காரியம் முடிந்த மறுவாரம் பழைய இரும்புக்காரர் வந்தார். சைக்கிளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இருபது கிலோ தேறும். ஐநூறு ரூபா தரேன்" என்றார். அப்பாவும் "ஓட்ட ஆளில்லாம எடத்த அடைச்சிக்கிட்டு நிக்குது, எடுத்துக்கோங்க" என்றார்.

"நான் ஓட்டறேன்பா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பார் வைத்த ஆம்பளை சைக்கிள், எனக்கு சீட்டே எட்டாது. ஆனால் நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. எங்க வீட்டிலிருந்து பள்ளிக்கு 4 கிலோமீட்டர். காலையில் ஒரே பஸ். அதை விட்டால் நடைதான். எட்டாம் வகுப்பில் மட்டும் எனக்கு 22 நாள் லீவு. என் பக்கத்து வீட்டு அக்கா இப்படித்தான் படிப்பை நிறுத்தினாள். அரசாங்கம் தரும் இலவச சைக்கிள் பதினோராம் வகுப்பில்தான் கிடைக்கும். அதுவரை நான் என்ன செய்வது? அப்பா, "சரி, ஞாயித்துக்கிழமை வரைக்கும் நிக்கட்டும்" என்றார்.

மறுநாள் அறிவியல் டீச்சரிடம் ஹெர்குலிஸ் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். அது கிரேக்கக் கதையில் வரும் பலசாலியின் பெயராம். டீச்சர் சொன்னதையும் நூலகத்தில் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் என்று ஒரு தொழில் நகரம். அங்கே 1910-ல் எட்மண்ட் கிரேன், ஹாரி கிரேன் என்ற அண்ணன் தம்பி சேர்ந்து இந்தக் கம்பெனியை ஆரம்பித்தார்கள். உழைக்கிற ஜனங்கள் வாங்குகிற மாதிரி குறைந்த விலையில் சைக்கிள் செய்தார்கள். 1930-களின் முடிவுக்குள் 60 லட்சத்துக்கும் மேல் செய்துவிட்டார்கள்! 1946-ல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற கம்பெனி அதை வாங்கியது. அது இரும்புக் குழாய் செய்கிற கம்பெனி. சைக்கிளின் பாடி முழுக்கக் குழாய்தானே! அதே எடை உள்ள கெட்டிக் கம்பியை விட, உள்ளே கூடாக இருக்கும் குழாய் அதிகம் வளையாது, பாரமும் தாங்கும் என்று டீச்சர் விளக்கினார். மல்லாட்டை மூட்டையின் ரகசியம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. சுதந்திரம் வந்தபின், 1949-ல் அந்தக் கம்பெனியும் நம்ம ஊர் முருகப்பா குழுமமும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கின. தொழிற்சாலை சென்னை அம்பத்தூரில். அப்படியென்றால் தாத்தாவின் சீமை சைக்கிளுக்குப் பெயர்தான் சீமை. குழாயை ஒட்டியதும் சக்கரம் கோத்ததும் நம்ம ஜனங்களின் கை! இங்கிலாந்தில் ஹெர்குலிஸை 1960-ல் ராலே கம்பெனியோடு சேர்த்துவிட்டார்கள். நாட்டிங்ஹாமில் இருந்த ராலே தொழிற்சாலையையும் 2002-ல் மூடிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. திண்ணையில் இருந்த ஆயாதான் பேசியது. "நாப்பது வருசம் அதுல பின்னாடியே குந்திக்கினு வந்தேன். ஒரு நாளு கூட முன்னாடி குந்தி ஓட்டுனதில்ல. எனக்கும் ஆசை இருந்துச்சு, யாரு கேட்டா? பாப்பா ஓட்டட்டும்." முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை எடுத்து ஓவராயிலுக்குக் கொடுத்தது. பழைய இரும்புக்காரர் ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு போனார்.

திண்டிவனத்தில் ஓவராயில் செய்து, டயர், டியூப், பிரேக் கட்டை எல்லாம் புதிதாகப் போட்டோம். மே மாத லீவு முழுக்க ஏரிக்கரையில் குரங்குப் பெடல் போட்டுப் பழகினேன். முட்டியில் இரண்டு காயம். தழும்பு இன்னும் இருக்கிறது. சீட்டை இறக்கிய பிறகு ஒருவழியாக ஏறி உட்கார்ந்தேன். முதலில் பையன்கள் "ஏய் தாத்தா சைக்கிள்" என்று கிண்டல் செய்தார்கள். இப்போது அவர்களே பஞ்சர் ஆனால் தள்ளிக்கொண்டு வந்து உதவுகிறார்கள்.

ஜூன் மாதத்திலிருந்து இன்றுவரை நான் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் தெரியும். சனிக்கிழமைகளில் ஆயாவைப் பின்னால் உட்கார வைத்து ரேஷன் கடைக்குக் கூட்டிப் போகிறேன்.

உங்கள் வீட்டு மூலையிலும் இப்படி ஒரு சைக்கிள் நிற்கலாம். எடைக்குப் போடுவதற்கு முன் வீட்டில் யாருக்கு அதை ஓட்ட ஆசை என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி