நன்மைக்கு எழாதவள்

ஞாயிறு தவறாமல் பூசைக்கு வந்து, பிரசங்கம் முழுவதையும் செவிமடுத்து, காணிக்கைத் தட்டில் தன்னால் இயன்றதை இட்டு, நன்மை வாங்கும் வேளையில் மாத்திரம் எழாமல், தன்னைக் கடந்து பீடத்தை நோக்கிச் செல்பவர்களுக்கு வழிவிட்டு முழங்கால்களை ஒதுக்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் ஒருத்தியை நம் பங்குகள் பலவற்றில் காணலாம். என் சிற்றப்பா மகளும் வெகுகாலம் அவ்வாறு அமர்ந்திருந்தவளே. கணவன் கைவிட்டுப் போனபின் கோர்ட்டில் விவாகரத்துப் பெற்றவள். மறுமணத்தைப் பற்றி எண்ணாதவள். "தீர்த்துக்கிட்டவங்களுக்கு நன்மை கிடையாதாம் அண்ணே" என்றாள். எந்தச் சாமியார் சொன்னார் என்று விசாரித்ததில், சாமியார் ஒருவரும் சொல்லவில்லை, கெபியடியில் ஜெபமாலை சொல்லும் பெண்கள் சொன்னார்கள் என்று தெரிந்தது.

மறுமணம் செய்யாமல் தனித்து வாழ்பவருக்கு தேவநற்கருணைக்குத் தடையில்லை என்பதைப் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் குடும்ப வாழ்வு குறித்து எழுதிய மடலிலேயே தெளிவாக்கியிருக்க, கெபியடிச் சட்டம் உரோமாபுரிச் சட்டத்தினும் கடுமையாக விளங்குவது விந்தைதான்.

மறுமணம் நாடுவோர்தாம் மேற்றிராசனத்தின் திருமண நீதிமன்றத்தை அணுக வேண்டியவர்கள். மெய்விவாகத்தை முறிக்கும் அதிகாரம் தனக்கு இருப்பதாக அந்நீதிமன்றம் கருதுவதில்லை. பீடத்தின் முன் அன்று கொடுக்கப்பட்ட சம்மதம் மெய்யான சம்மதந்தானா என்பதையே அது ஆராய்கிறது. வஞ்சனை, அச்சம், இல்லறக் கடமைகளை ஏற்கவியலாத மனநிலை முதலியவை அங்கே காரணங்களாகின்றன. மூன்று ஞாயிறு ஓலை வாசித்தாயிற்று, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, இனி அழுது என்ன பிரயோஜனம் என்று கேட்டுப் பெண்ணை வாய்மூடச் செய்யும் நம் வீடுகளை நினைக்கையில், அவ்வாராய்ச்சி அநாவசியமானதென்று எனக்குத் தோன்றவில்லை.

அங்கே திருமணத்தின் சார்பாகவே வாதாடுவதற்கு ஒருவரை நியமிக்கும் ஏற்பாடு 14-ஆம் ஆசீர்வாதப்பர் 1741-இல் செய்தது. ஒரு தீர்ப்பு போதாது, மேல்மன்றமும் அதற்கு ஒத்த தீர்ப்பை வழங்க வேண்டும் என்ற விதியும் அவர் காலத்ததே. அதனால் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. பாப்பரசர் பிரான்சிஸ் 2015-இல் அவ்விதியை நீக்கினார்.

இதையெல்லாம் எடுத்துரைத்தபோது என் தங்கை கேட்டது வேறு: "கல்யாணமே நடக்கலைன்னு தீர்ப்பு வந்தா, என் புள்ளைய ஊர் என்ன சொல்லும்?" தாய் தந்தையருள் ஒருவரேனும் நல்லெண்ணத்துடன் செய்துகொண்ட மணத்தில் பிறந்த பிள்ளை, அம்மணம் செல்லாதென்று பின்னர் தீர்ப்பானாலும், முறைப்படி பிறந்த பிள்ளையே என்று திருச்சபைச் சட்டம் கூறுகிறது என்றேன். "சட்டம் சொல்லும், பள்ளிக்கூடத்து வாசல்ல நிக்கிறவங்க சொல்வாங்களா?" என்றாள். அதற்கு என்னிடம் பதிலில்லை.

மேலும், திருச்சபையின் தீர்ப்பு ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மறுமணம் செய்தால், முதல் மணம் நாட்டுச் சட்டத்தில் நிலைத்தே இருக்கும். உச்ச நீதிமன்றம் 1996-இலும், மீண்டும் 2017-இலும், இதை ஐயத்துக்கிடமின்றி உரைத்துவிட்டது. ஆகவே மறுமணம் புரிய விரும்பும் கத்தோலிக்கர் இரண்டு மன்றங்களின் படிகளையும் ஏறியாக வேண்டும். என் தங்கை ஒன்றில் ஏறி இறங்கியவள். மற்றதில் ஏற அவளுக்கு விருப்பமில்லை. பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, இப்போது நன்மை வாங்குகிறாள். கெபியடிப் பெண்களுள் இருவர் அவளோடு பேசுவதில்லை.