ஒத்திவைக்கப்பட்ட வரி

வரிப்பணம் என்ற சொல்லை நம் மீது எறியாமல் இவர்களுக்குப் பொழுது போகாது. விடுதியில் புழுத்த அரிசி போடுகிறார்கள் என்று மாணவர்கள் சாலை மறியல் செய்தால், "எங்க வரிப்பணத்துல தின்னுட்டு எங்க வழியவே மறிக்கிறீங்களா"ன்னு பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு குரல் வரும். உதவித்தொகை, இடஒதுக்கீடு, காலனி வீடு எதுவானாலும் வசனம் மாறாது. கட்டுகிறவர்கள் அவர்கள், வாங்கித் தின்கிறவர்கள் நாம். இந்தக் கணக்கை எந்த நோட்டில் பார்த்தீர்கள் என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

நான் ஒரு நோட்டில் பார்த்தேன். பங்குச்சந்தையில் பேர் உள்ள ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கை அது. தமிழ் எம்.ஏ. படித்தவளுக்கு அதில் என்ன வேலை என்று தோழர்கள் கேட்டார்கள். வேலை தானாக வந்ததில்லை, தாலுகா ஆபீசில் மேசைமேல் தூக்கிப் போட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் அந்தக் கம்பெனியின் ஆலை இருக்கிறது. கழிவுத் தண்ணீர் காலனிக் கிணற்றில் இறங்குகிறது என்று மனு கொடுத்து, அலைந்து, கடைசியில் தாசில்தார் முன்னால் பேச்சுவார்த்தை. ஆலைத் தரப்பில் வந்த அதிகாரி கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "போன வருசம் மட்டும் எங்க கம்பெனி எத்தனை கோடி இன்கம் டாக்ஸ் கட்டியிருக்கு தெரியுமாம்மா? அந்தப் பணத்துலதான் உங்க ஆளுங்களுக்கு வீடு, ஸ்காலர்ஷிப் எல்லாம் வருது" என்று சொல்லி, பளபளப்பான அந்தப் புத்தகத்தைத் தாசில்தார் பக்கம் தள்ளினார். தாசில்தார் அதைத் திறக்கவேயில்லை. எழுந்து வரும்போது, "சார், இத நான் எடுத்துக்கலாமா?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "தாராளமா எடுத்துக்கங்க" என்றார்.

எங்கள் காலனியில் பி.காம். முடித்துவிட்டு ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கிற தம்பி ஒருவன் இருக்கிறான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவனோடு உட்கார்ந்தேன். முதலில் அவன் செய்தது, அதிகாரி சொன்ன எண்ணைத் தேடியதுதான். லாபநட்டக் கணக்கில், வரிக்கு முந்தைய லாபத்துக்குக் கீழே 'வரிச் செலவு' என்று போட்டிருந்த மொத்தத் தொகை அது. "அக்கா, இது கட்டின காசு இல்ல. அதுக்குக் கீழ ரெண்டு வரி பிரிச்சிருக்கான் பாருங்க" என்றான். ஒன்று நடப்பு வரி. இன்னொன்று டெபர்டு டாக்ஸ், அதாவது ஒத்திவைக்கப்பட்ட வரி.

இந்த இரண்டாவதைப் புரிந்துகொள்ள எனக்குத்தான் ஒரு ஞாயிறு போயிற்று. அவன் சொன்ன உதாரணத்தை அப்படியே தருகிறேன். ஒரு கம்பெனி 600 ரூபாய்க்கு ஒரு மெஷின் வாங்குகிறது. அது பதினைந்து வருசம் ஓடும் என்று வைத்தால், கம்பெனிச் சட்டப்படி எழுதும் கணக்கில் வருசத்துக்கு 40 ரூபாய் தேய்மானம். வருமானவரிச் சட்டப்படி போடும் கணக்கு வேறு. அங்கே பொதுவான இயந்திரங்களுக்கு 15 சதவீதத் தேய்மானம். முதல் வருசமே 90 ரூபாய் கழித்துக்கொள்ளலாம். பங்குதாரருக்குக் காட்டும் லாபம் 200 என்றால் வரி இலாகாவுக்குக் காட்டும் லாபம் 150. வரி நூற்றுக்கு 25 என்று வைத்துக்கொள்வோம். அரசாங்கத்துக்கு அந்த வருசம் போவது 37 ரூபாய் 50 காசு. ஆனால் லாபநட்டக் கணக்கில் வரிச் செலவு என்று எழுதுவது 50 ரூபாய். மீதி 12 ரூபாய் 50 காசு பின்னால் என்றைக்கோ கட்ட வேண்டியது என்று ஐந்தொகையில் பொறுப்பாக உட்கார்ந்திருக்கும்.

இதில் திருட்டு எதுவும் இல்லை, சட்டமே இப்படித்தான். இரண்டும் வெவ்வேறு சட்டம், வெவ்வேறு லாபம். பின் வருசங்களில் வரிக் கணக்குத் தேய்மானம் குறைந்துகொண்டே போகும், அப்போது ஒத்திவைத்தது திரும்பி வரும். இது முறையான கணக்குதான் என்று தம்பி சத்தியம் செய்கிறான். நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு வருசமும் புது மெஷின் வாங்கி வளர்ந்துகொண்டே போகிற கம்பெனிக்கு, பழையது திரும்பி வரும்போது புதியது அதன் மேல் ஏறிக்கொள்கிறது. பொறுப்பு என்று எழுதிய தொகை வருசா வருசம் கூடுமே தவிரக் குறையாது. இதற்கு வட்டியும் கிடையாது. ஐந்நூறு ரூபாய் கைமாற்றுக்கு வாரவட்டி கட்டுகிற சனங்களுக்கு இதை எப்படி விளக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கூட உட்கார்ந்திருந்த எங்கள் பெரியம்மா, "அரசாங்கமே அவனுக்குக் கைமாத்து குடுக்குதுன்னு சொல்லேன்" என்றது. அதற்குமேல் நான் என்ன விளக்க?

கையில் இருந்து உண்மையில் எவ்வளவு போனது என்று பார்க்க வேண்டுமானால், புத்தகத்தில் இன்னும் சில பக்கம் தள்ளி பணப்பாய்வு அறிக்கை என்று ஒன்று இருக்கும். அதன் முதல் பகுதியின் கடைசியில் 'செலுத்திய வருமானவரி' என்று ஒரே ஒரு வரி. திரும்பப் பெற்ற தொகை போக நிகரமாக இருக்கும். எங்கள் கம்பெனியில் அந்த எண் அதிகாரி சொன்னதைவிடக் குறைவு. முன்பணமாகக் கட்டும் வரி, பழைய வருசத்துப் பாக்கி, திரும்ப வந்தது எல்லாம் கலந்திருப்பதால் ஒரு வருசத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்கிறான் தம்பி. சரி, ஐந்து வருசத்தைக் கூட்டிப் பார்ப்போம் என்று கூட்டினோம். அப்போதும் குறைவுதான்.

இந்த இரட்டைக் கணக்குக்கு ஒரு வரலாறு இருக்கிறது. எண்பதுகளில் 'ஜீரோ டாக்ஸ் கம்பெனிகள்' என்றே ஒரு வகை பேசப்பட்டது. பங்குதாரருக்குக் கோடிக்கணக்கில் லாபம் காட்டி டிவிடெண்டும் கொடுப்பார்கள். வருமானவரிக் கணக்கில், சட்டம் கொடுத்த சலுகைகளைக் கழித்துக் கழித்துப் பூச்சியம். 1987 பட்ஜெட்டில் ராஜீவ் காந்தி, புத்தகத்தில் காட்டும் லாபத்தில் 30 சதவீதத்துக்காவது வரி கட்டு என்றார். சில வருசத்தில் அது எடுக்கப்பட்டது. 1996இல் ப. சிதம்பரம் குறைந்தபட்ச மாற்று வரி என்று வேறு பெயரில் கொண்டுவந்தார். ஒத்திவைத்த வரியையும் கணக்கில் காட்ட வேண்டும் என்ற விதி, பட்டியலிடப்பட்ட கம்பெனிகளுக்கு 2001 ஏப்ரலில்தான் கட்டாயமானது. பெரிய கம்பெனிகள் 2016இலிருந்து படிப்படியாக 'இண்ட் ஏஎஸ் 12' என்ற தரத்துக்கு மாறின. இன்று நாம் பார்க்கும் வரிக் குறிப்பு அதன்படி எழுதியது.

நஷ்டத்தின் கதை இதைவிட விசேஷம். கம்பெனிக்கு நஷ்டம் வந்தால், வருங்கால லாபத்தில் அதைக் கழித்துக்கொள்ளலாம், வியாபார நஷ்டமென்றால் எட்டு வருசம் வரைக்கும். அப்படிக் கழித்தால் மிச்சமாகப்போகிற வரியை இன்றைக்கே சொத்து என்று எழுதலாம். ஒத்திவைத்த வரிச் சொத்து என்று பெயர். பின்னால் லாபம் வரும் என்று நம்பத்தகுந்த ஆதாரம் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. நம் வீட்டு நஷ்டம் கந்துவட்டிக்காரனின் நோட்டில் ஏறுகிறது, அவர்கள் வீட்டு நஷ்டம் சொத்துப் பட்டியலில் ஏறுகிறது.

2019 செப்டம்பர் 20 அன்று ஒரு அவசரச் சட்டம் வந்தது. சலுகைகளை விட்டுக்கொடுக்கிற கம்பெனிக்கு வரிவிகிதம் 22 சதவீதம். அதுவரை பெரிய கம்பெனிகளுக்கு 30. இதனால் வருசத்துக்கு 1,45,000 கோடி ரூபாய் வருவாய் போகும் என்று அரசாங்கமே மதிப்பிட்டது. இந்த அறிவிப்பு ஆண்டறிக்கைகளில் செய்த கூத்து தனி. 30 விகிதத்தில் பின்னால் கட்டுவோம் என்று எழுதிவைத்த பொறுப்பு ஒரே நாளில் சுருங்கியது. சுருங்கிய தொகை லாபத்தில் சேர்ந்தது. ஒரு மூட்டை கூட உற்பத்தி பண்ணாமல் வந்த லாபம். சொத்தாக எழுதிவைத்திருந்தவர்களுக்கு எதிர்மாறு. ஆக்சிஸ் வங்கி அந்தக் காலாண்டில் 112 கோடி நஷ்டம் காட்டியது. காரணம், வரிச் சொத்தைப் புது விகிதத்தில் மதிப்பிட்டதால் விழுந்த 2,138 கோடி. வரி குறைந்ததால் நஷ்டம் என்று ஒரு வாக்கியத்தை எந்த இலக்கண ஆசிரியர் ஒத்துக்கொள்வார்? கணக்கில் அது சரியான வாக்கியம்.

22க்கு மேல் 10 சதவீதக் கூடுதல் வரி, அதற்குமேல் 4 சதவீத மேல்வரி. மொத்தம் 25.168. ஆண்டறிக்கையின் வரிக் குறிப்பில் இந்த எண்ணைத்தான் பார்ப்பீர்கள். இதில் 22 மட்டும்தான் மாநிலங்களோடு பங்கிடும் தொகுப்புக்குப் போகும். மீதி 3.168 மத்திய அரசோடு நின்றுவிடும், அரசியலமைப்பின் 270ஆம் பிரிவு அப்படி. மாநில அரசு கட்டுகிற பள்ளிக்கூடத்துக்கும் விடுதிக்கும் அந்த மூன்று ரூபாயில் பங்கு கேட்க உரிமையில்லை.

அப்புறம், கம்பெனிகள்தான் நாட்டைச் சுமக்கின்றன என்பதும் எண்களில் நிற்கவில்லை. 2023-24இல் நிகரமாக வசூலான கம்பெனி வரி சுமார் 9.11 லட்சம் கோடி. தனிநபர் வருமானவரி, பங்குப் பரிவர்த்தனை வரியையும் சேர்த்து, சுமார் 10.44 லட்சம் கோடி. ஜிஎஸ்டி இதில் சேராது. அது தனி. செருப்பு தைக்கிறவரும் செருப்பு வாங்குகிறவரும் கட்டுவது அதில் இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்குட்பட்ட செருப்புக்கு 2022 ஜனவரியில் வரியை 5லிருந்து 12 ஆக்கினார்கள், 2025 செப்டம்பரில் மறுபடி 5க்கு இறக்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் வாங்கிய சனம் கட்டியது கட்டியதுதான். நூறு ரூபாய்க்கு செல் ரீசார்ஜ் செய்கிற விவசாயக் கூலிப் பெண் அதில் 15 ரூபாய் 25 காசு வரி கட்டுகிறாள், அந்த நிமிஷமே, ஒத்திவைக்காமல்.

செயல்பாட்டாளர்களுக்கு ரொம்பப் பயன்படுகிற பகுதி வரிக் குறிப்பில் இருக்கும் ஒத்திசைவு அட்டவணை. லாபத்தை 25.168ஆல் பெருக்கினால் இவ்வளவு வரி வர வேண்டும், வந்திருப்பது இவ்வளவு, ஏன் வித்தியாசம் என்று வரி வரியாகச் சொல்லும். இதிலே சமூகப் பொறுப்புச் செலவு என்று ஒன்று. சட்ட வரம்புக்குள் வரும் கம்பெனிகள் மூன்று வருசச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் இதற்குச் செலவழிக்க வேண்டும். அந்தச் செலவை வருமானத்தில் கழிக்க முடியாது என்று 2014இல் திருத்தம் செய்தார்கள். அதனால் இங்கே வந்து நிற்கும். எங்கள் ஆரம்பப் பள்ளிக்கூடச் சுவரில் கம்பெனி பெயரைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். கக்கூசுக்குத் தண்ணீர் இல்லை. அதற்கு எத்தனை ரூபாய் கணக்கு எழுதியிருக்கிறார்கள் என்பதை அறிக்கையின் வேறொரு இணைப்பில் தேடிக்கொண்டிருக்கிறோம். சட்டத்தை மீறியதற்குக் கட்டிய அபராதத்தையும் கழிக்க முடியாது. 'அபராதம்' என்று தனியாக ஒரு வரி இருந்தால், யாருக்கு, எதற்கு என்று கேட்கலாம். பலர் 'கழிக்க முடியாத செலவுகள்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவார்கள். கேட்டால்தான் அவிழ்ப்பார்கள்.

கணக்கு நமக்கு எட்டாத இடத்தில் இருந்தது புதிதில்லை. 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் எப்படிக் கைமாறியது? அரிவாளால் போனதைவிடப் பேனாவால் போனது அதிகம். கிராமக் கணக்கைக் கர்ணம் பரம்பரையாக வைத்திருந்தார். 1980இல்தான் அந்தப் பதவி ஒழிந்தது. அம்பேத்கர் 1915இல் கொலம்பியாவில் எம்.ஏ. பட்டத்துக்கு எழுதிய ஆய்வு கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகத்தையும் நிதியையும் பற்றியது. நமது கூட்டங்களில் அவரது கோட்டு, கண்ணாடி பற்றிப் பேசுகிற அளவுக்கு அவர் வரவுசெலவு படித்தவர் என்பதைப் பேசுவதில்லை. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது.

அடுத்த பேச்சுவார்த்தைக்கு நான் அந்தப் புத்தகத்தோடு போனேன். "சார், நீங்க சொன்ன தொகைல எவ்வளவு டெபர்டு, எவ்வளவு கேஷ்ல போச்சு?" என்று கேட்டேன். "அதெல்லாம் அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்ட்தாம்மா சொல்லணும்" என்றார். வரியைப் பற்றி அன்றைக்கு அவர் பிறகு பேசவில்லை. கிணற்றைப் பற்றிப் பேசினோம். தண்ணீர் மாதிரி எடுக்கத் தேதி குறித்தார்கள். முடிவு இன்னும் வரவில்லை. லாரித் தண்ணீர் வாரத்துக்கு மூன்று நாள் வருகிறது.

இன்னும் நாங்கள் படிக்காதது ஆடிட்டர் அறிக்கையோடு வரும் இணைப்பு. இலாகா கேட்டு, கம்பெனி கொடுக்க மறுத்து, வழக்கில் இருக்கும் வரி ஒவ்வொன்றையும் அதில் எழுத வேண்டும். எந்த வருசத்தது, எவ்வளவு, எங்கே கிடக்கிறது என்று. மேல்முறையீட்டு ஆணையர், தீர்ப்பாயம், உயர்நீதிமன்றம். ஜெயித்துவிடுவோம் என்று கம்பெனி நினைத்தால் இந்தத் தொகை வரிச் செலவில் சேராது, குறிப்பில் மட்டும் நிற்கும். முதல் மேல்முறையீட்டில் பொதுவாக 20 சதவீதம் கட்டினால் மீதியை வசூலிக்காமல் நிறுத்திவைக்கலாம் என்று நேரடி வரிகள் வாரியம் 2017இல் சொல்லியிருக்கிறது. காலனியில் கரண்ட் பில் தவறினால் பீஸைப் பிடுங்க ஆள் வருவதற்கு எத்தனை நாள் என்று உங்களுக்கே தெரியும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த இணைப்பை எடுத்துக்கொள்கிறோம். பட்டியலிட்ட கம்பெனிகளின் அறிக்கை பங்குச்சந்தைத் தளங்களில் காசில்லாமல் கிடைக்கிறது, இறக்கிப் பிரதி எடுக்கிற செலவுதான். ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பேர் கல்குவாரிக்குப் போகிறவர்கள், அவர்களுக்காக ராத்திரி எட்டு மணிக்கு வைத்திருக்கிறோம்.