சுவாமியறையில் நின்ற கோபுரம்

கரவெட்டியிலே எமது நண்பரின் தாய்வீட்டுச் சுவாமியறையில், பிள்ளையார் படத்துக்கும் முருகன் படத்துக்கும் நடுவே, நெடுங்காலமாக ஈபிள் கோபுரம் நின்றுகொண்டிருந்தது. உள்ளங்கை அகலமான தபாலட்டைதான். பாரிஸ் போய்ச் சேர்ந்த இளைய மகன் 1988 ஆம் ஆண்டில் அனுப்பியது. நேற்று இதன் உச்சியில் ஏறி நின்றேன், நகரம் முழுவதும் தெரிந்தது என்று பின்புறத்தில் எழுதியிருந்தார். அந்த அம்மையார் வீட்டுக்கு வருவோருக்குத் தேநீர் கொடுக்கு முன்னர் அந்த அட்டையைத்தான் கொடுப்பார். நாங்களும் பலமுறை அதைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களே.

எமது நண்பருக்கு மாத்திரம் அந்த அட்டையின்மேற் பிரியமில்லை. 1987 ஆம் ஆண்டு வைகாசியில் வடமராட்சியில் நடந்த இராணுவ நடவடிக்கைக்குப் பின்னர், காணியை ஈடுவைத்தும் தாயின் சங்கிலியை விற்றும் தம்பியை அனுப்பியவர் அவர். வட்டி கேட்டு ஆட்கள் படலையில் நின்ற அதே மாதத்தில் இந்த அட்டை வந்தது. “நான் இங்கே கடனில் நிற்கிறேன், அவர் அங்கே கோபுரத்தில் நிற்கிறார்” என்று ஆசிரியர் அறையில் ஒருநாள் எங்களிடம் சொன்னார். அப்புறம் அதைப்பற்றி அவர் பேசியதில்லை.

2025 ஆம் ஆண்டு ஆடி மாதம் தம்பியார் தமையனாரைப் பாரிஸுக்கு அழைத்தபோது, தனியே வரமாட்டேன் என்று நண்பர் பிடித்த பிடிவாதமே, ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதிகளாகிய எங்களையும் விமானத்தில் ஏற்றியது.

வீடு, நகரின் வடக்கெல்லைக்கு அப்பாலுள்ள லாகூர்நேவ் என்னும் இடத்தில், ஏழாவது மாடியில் இருந்தது. பிள்ளைகள் தங்கள் அறையை எங்களுக்கு விட்டுவிட்டுக் கூடத்திலே பாய்விரித்துப் படுத்தார்கள். இரவு ஒன்பது மணிக்கும் சன்னலில் வெளிச்சம் நிற்க, உறக்கம் வராது புரண்டோம். காலையில் மகள் கீழே போய்ப் பாண் வாங்கி வருவாள். கடையில் அவள் கேட்ட பிரெஞ்சுச் சொல்லும் ஏறத்தாழப் ‘பாண்’ என்றே எங்கள் காதில் விழுந்தது! போர்த்துக்கேயர் எங்களுக்கு விட்டுப்போன பாணும் குசினியும் பிரெஞ்சு மொழியில் உள்ள சொற்களுக்கு உடன்பிறந்தவை. பாஷை தெரியாத ஊரில் இரண்டு சொற்களாவது முகந்தெரிந்தவையாக இருந்தது பெரிய ஆறுதல்.

ஊர் பார்க்கும் படலம் ஒரு தவறோடு தொடங்கிற்று. முதலில் லூவர் நூதனசாலைக்குப் போனோம். அரசரின் மாளிகையாயிருந்து, பிரெஞ்சுப் புரட்சியின்போது 1793 இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட இடம் அது. முற்றத்துக் கண்ணாடிக் கூம்பகத்தின் முன்னே ஆளரவம் குறைந்திருக்கக் கண்டு மகிழ்ந்தோம். அன்று செவ்வாய்க்கிழமை, செவ்வாயில் லூவர் பூட்டு என்பது பின்னரே தெரியவந்தது. கட்டிக்கொண்டு போன புட்டைப் பக்கத்துப் பூங்காவில் இருந்து தின்றுவிட்டுத் திரும்பினோம். மறுநாள் மொனாலிசாவைக் கண்டோம். எங்கள் பள்ளிக்கூடக் கரும்பலகையிற் கால்வாசியும் இராத படம். அதனிலும் பார்க்க, கையடக்கத் தொலைபேசிகளை உயர்த்திப் பிடித்த கைகளையே அதிகம் கண்டோம் என்பதுதான் உண்மை. 2019 சித்திரையில் தீப்பற்றி, 2024 மார்கழியில் மீண்டும் திறக்கப்பட்ட நோத்ருடாம் தேவாலயமோ எங்களை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. எரிந்த கூரையைப் பழைய முறைப்படியே மரத்தால் மீளக் கட்டியிருக்கிறார்கள். எரிந்துபோன வீடுகளையும் கோயில்களையும் திருப்பிக் கட்டிய ஊரிலிருந்து வந்தவர்களுக்கு அந்தப் புதுச் சுவர்களின் வெண்மை வேறுவிதமாகத்தான் தெரியும்.

கீமே என்னும் நூதனசாலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. லியோன் நகரத்துத் தொழிலதிபர் எமில் கீமே தாம் சேர்த்த கீழைத்தேயப் பொருள்களுக்காகப் பாரிஸில் 1889 ஆம் ஆண்டு திறந்தது. அங்கே தமிழ்நாட்டிலிருந்து வந்த பதினோராம் நூற்றாண்டு நடராசர் நிற்கிறார். பூவில்லை, விளக்கில்லை. எங்களை அறியாமலே கைகள் கூடிவிட்டன. அருகில் நின்ற வெள்ளைக்கார மூதாட்டி ஒருவர் மரியாதையாக விலகி இடம் விட்டார்.

லாச்சப்பலுக்குப் போகாது பாரிஸ் பார்த்தேன் என்று எவரும் கரவெட்டியில் வந்து சொல்ல முடியாது. முருங்கைக்காய், ஒடியல் மா, நகைக்கடை, புடைவைக்கடை எல்லாம் வரிசையாக இருந்தன. அண்மையிலே 1985 இல் தொடங்கப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயம். ஆவணி முடிவில் அவருடைய தேர் வீதியில் வரும்போது தேங்காய் உடைபடும் சத்தத்தைக் கேட்கப் பிரெஞ்சுக்காரரும் கூடுவார்களாம். நெல்லியடிச் சந்தை விலையோடு ஒப்பிட்டு முருங்கைக்காயை எடுத்தோம், வைத்தோம், எடுத்தோம்.

ஈபிள் கோபுரத்தைக் கடைசிக்கு வைத்தது தம்பியார்தான். வேலை இருக்கிறது, மழை வரும், சனம் அதிகம் என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம். இறுதியில் மகள் பிடிவாதமாக எல்லோரையும் இழுத்துச் சென்றாள். வரிசையில் நின்றபோது அவளே எங்களுக்கு ஆசிரியையானாள். 1887 இல் அத்திவாரமிட்டு இரண்டு ஆண்டும் சில மாதங்களுமாகக் கட்டி முடித்தார்களாம். பதினெண்ணாயிரத்துச் சொச்சம் இரும்புத் துண்டுகள், இருபத்தைந்து இலட்சம் தறையாணிகள். நகரின் அழகைக் கெடுக்கும் என்று எழுத்தாளரும் ஓவியரும் எதிர்த்தார்கள். இருபது ஆண்டுகள் நிற்கவே அனுமதி. கம்பியில்லாத் தந்திக்கு அதன் உயரம் உதவியபடியால் இடிபடாது தப்பிற்று. இன்று அதன் உயரம் 330 மீற்றர்.

காவலரிடம் படிக்கட்டு எந்தக் காலில் இருக்கிறது என்று தம்பியார் விசாரித்தார். நண்பர் திரும்பிப் பார்த்தார்.

“முந்தி ஏறினபோது எந்தப் பக்கத்தாலை ஏறினனி?”

தம்பியார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “நான் ஏறேல்லை அண்ணை. இண்டைக்குத்தான் முதல் தரம்” என்றார்.

இங்கிருந்து பத்து நிமிட நடைதூரத்தில் ஓர் உணவகத்துக் குசினியில் பதினொரு வருடம் கோப்பை கழுவினாராம். நள்ளிரவில் குப்பை கொட்டப் பின்கதவைத் திறந்தால் கோபுரத்தின் மேற்பாதி தெரியும். ஏறுவதற்கான காசு வட்டிக்காசு. அட்டைக்கு மாத்திரம் சில்லறை இருந்தது. அம்மா சந்தோஷப்படட்டும் என்று எழுதிவிட்டார்.

நண்பருக்கு முழங்கால் வருத்தம். மின்தூக்கி வேண்டாம், நடப்பம் என்றார். இரண்டாம் தட்டு வரையில் 674 படிகள். ஐம்பதுக்கு ஒருதரம் நின்று, நாங்களும் பின்னால் ஏறினோம். அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தை பேசாமல் முன்னே போய்க்கொண்டிருந்தார்கள்.

அங்கிருந்து உச்சிக்கு மின்தூக்கியில்தான் போகலாம். உச்சியிற் காற்று ஆளைத் தள்ளிற்று. வடக்கே சாக்கிரே கேர் ஆலயத்தின் வெண்கும்மட்டங்கள். அதற்கு அப்பால் எங்கள் லாகூர்நேவ் இருக்கவேண்டும்.

“அந்த அட்டை வந்த கிழமை நான் உனக்கொரு கடிதம் எழுதினனான்” என்றார் நண்பர், கம்பியைப் பிடித்தபடி.

“வந்தது.”

“கடுமையாய் எழுதினனான்.”

“ஓம்.”

“அப்ப ஏன்ரா உண்மையைச் சொல்லேல்லை?”

“சொன்னால் அம்மாவுக்கும் தெரிஞ்சு போம் அண்ணை.”

1994 இல் அந்த அம்மையார் காலமானபோது தம்பியார் வரவில்லை. அகதியாக ஏற்கப்பட்டவர் சொந்த நாட்டுக்குத் திரும்புவதற்கில்லை. கொழும்பு வந்தாலும், குடாநாட்டுக்குக் கிளாலிக் கடலேரியை இரவிலே படகிற் கடக்கவேண்டிய காலம் அது. அதையும் நண்பர் ஒரு கணக்கில் எழுதி வைத்திருந்தார் என்பது எங்களுக்குத் தெரியும். அவர் அதைப்பற்றி அங்கே ஒன்றும் பேசவில்லை. தன் கம்பளிச் சால்வையைக் கழற்றித் தம்பியின் தோளிற் போட்டார். அறுபது வயதுத் தம்பி அதைச் சரிசெய்யாமல் அப்படியே நின்றார்.

கீழே இறங்கியபோது நான்கு மணி. ஐந்துக்குத் தம்பியார் வேலைக்குப் போகவேண்டும். இப்போது வேறோர் உணவகத்திற் சமையற்காரர். “அந்தப் பின்கதவைக் காட்டு” என்றார் நண்பர். நடந்தோம். பழைய உணவகம் இருந்த இடத்திலே சப்பாத்துக்கடை. ஒழுங்கை மாத்திரம் அப்படியே இருந்ததாம். குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே நண்பர் கதவுக்கு முதுகைக் காட்டி நின்று அண்ணாந்து பார்த்தார். இரண்டு மாடிவீடுகளுக்கு இடையே, தம்பியார் சொன்னபடி, மேற்பாதி தெரிந்தது.