கொண்டைக்குப் போன கை

நான் பணியில் சேர்ந்த முதல் வருடம். ஆண்டு விழா வேலைகள் முடிந்து பேராசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தோம். மூத்த பேராசிரியர் ஒருவர் என்னைப் பார்த்து, "இன்னும் என்ன டென்ஷன் மேடம்? லெட் யுவர் ஹேர் டவுன்" என்றார். என் கை தானாகக் கொண்டைக்குப் போனது. ஊசி கழன்றுவிட்டதோ என்று தடவிப் பார்த்தேன். அறையே சிரித்தது. 'இறுக்கத்தை விட்டு ஆசுவாசமாக இருங்கள்' என்பதுதான் பொருள் என்று பக்கத்திலிருந்த தோழி காதில் சொன்னாள்.

அப்போது என்னிடம் தமிழில் முனைவர் பட்டம் இருந்தது. சங்க இலக்கியத்தில் கூந்தலுக்கு என்னென்ன பெயர் என்று கேட்டிருந்தால் ஓதி, கதுப்பு, கூழை, ஐம்பால் என்று மூச்சுவிடாமல் சொல்லியிருப்பேன். அந்தச் சிரிப்புக்கு முன்னால் ஒன்றும் உதவவில்லை.

அன்றிரவு ஊரப்பாக்கத்து வீட்டில் கொண்டையை அவிழ்க்கும்போது யோசித்தேன். என் கை ஏன் அப்படிப் போனது? "தலைவிரி கோலமா வாசல்ல நிக்காத" என்று சொல்லித்தான் அம்மா என்னை வளர்த்தாள். நம்மிடம் அவிழ்ந்த கூந்தல் என்றால் சாவு வீடு, பேய், இல்லையென்றால் பாண்டியன் அவைக்கு நீதி கேட்டுப் போன கண்ணகி. ஆங்கிலத் தொடரின் கதையும் வேறல்ல. ஒரு காலத்தில் அந்தச் சமூகத்து மேட்டுக்குடிப் பெண்கள் வெளியார் முன்னிலையில் கூந்தலை ஊசி குத்தி ஏற்றிக் கட்டியிருக்க வேண்டும். இரவில் தன் அறைக்குள்தான் அவிழ்க்கலாம். அந்தச் சிறிய நிம்மதிதான் மரபுத்தொடராகி, இன்று வழுக்கைத் தலை ஆண்களுக்கும் அறிவுரையாகச் சொல்லப்படுகிறது. நாலு பேர் முன்னால் பெண்ணின் கூந்தல் கட்டப்பட்டே இருக்க வேண்டும் என்பதில் இரண்டு மொழிகளுக்கும் சண்டையே இல்லை.

நன்னூல் நடத்தும்போது குழூஉக்குறி என்று ஒன்று சொல்லிக்கொடுப்பேன். பொற்கொல்லர்கள் பொன்னைப் 'பறி' என்பார்கள். அந்தக் கூட்டத்துக்குள் இருப்பவருக்கு மட்டும் விளங்கும். ஆங்கில மரபுத்தொடர் பிறந்த வீட்டில் எல்லோருக்கும் பொதுச்சொத்துதான். நம் அலுவலகங்களுக்கும் நேர்காணல் அறைகளுக்கும் வந்து சேரும்போது அது குழூஉக்குறியாகிவிடுகிறது. சிறு வயதிலிருந்தே வீட்டில் ஆங்கிலம் கேட்டவர் உள்ளே, மற்றவர் வெளியே. ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியில் பொருள் தெரிந்தாலும் வெளியேதான்.

பீட்டர் பெர்சிவல் என்ற மிஷனரி நம் பழமொழிகளைக் கேட்டுக் கேட்டுத் திரட்டினார். 1874இல் சென்னையில் வெளிவந்த அவருடைய தொகுப்பில் ஆங்கில மொழிபெயர்ப்போடு 6000க்கும் மேற்பட்ட பழமொழிகள் உள்ளன. நம் மொழியைக் கற்றுக்கொண்ட வெள்ளைக்காரர் கேட்டு எழுதினால் அது ஆராய்ச்சி. அவர் மொழி தெரியாத நம் பெண் கேட்டால் அசடு.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தி, செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து மின்சார ரயிலில் தாம்பரம் வந்து படித்தவள், பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்துக்கு நேர்காணலுக்குப் போனாள். எல்லாம் நன்றாகவே போயிருக்கிறது. கடைசியில் அவர்கள் "நௌ தி பால் இஸ் இன் யுவர் கோர்ட்" என்றதும் இவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"எங்கம்மாவோட ஜீவனாம்சக் கேஸ் கோர்ட்ல நடக்குது மேம். அது எப்படியோ இவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சிட்டேன்" என்றாள்.

பந்தாடும் இடத்துக்கும் கோர்ட் என்று பெயர் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் வாழ்க்கையில் கோர்ட் என்றால் ஒன்றுதான். அவளுக்கு என்னால் சிரிக்க முடியவில்லை. என் கை மறுபடியும் கொண்டைக்குப் போனது.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பத்து நிமிடம் கரும்பலகையில் ஓர் ஆங்கிலத் தொடரையும் ஒரு தமிழ்த் தொடரையும் எழுதுகிறேன். 'டை தி நாட்' எழுதிய அன்று, பக்கத்தில் நம் வீட்டுச் சொற்களையும் எழுதச் சொன்னேன். பையனுக்குக் 'கால்கட்டு' போடுகிறோம், பெண்ணைக் 'கரையேற்றுகிறோம்' என்று எழுதினார்கள். கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துவிட்டுப் பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "பையனுக்குக் கட்டு, பெத்தவங்களுக்குக் கரை. பொண்ணுக்கு என்ன மேம்?"

என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்பதைத்தான் நான் சொல்லிக்கொடுக்க விரும்பினேன். புரியாத தொடர் காதில் விழுந்தால் தலையாட்டாதீர்கள், "அப்படியென்றால்?" என்று கேளுங்கள் என்கிறேன். நேர்காணலிலும், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னாலும்.

அந்த மாணவி அடுத்த நேர்காணலிலிருந்து ரயிலில் திரும்பும்போதே போன் செய்தாள். இரைச்சலில் பாதிதான் கேட்டது. வேலை கிடைத்ததா என்று கேட்டேன்.

"அது தெரியல மேம். ஒரு வார்த்தை புரியல, அர்த்தம் என்னன்னு கேட்டுட்டேன். அவங்களுக்கே சரியா சொல்லத் தெரியல."