வால் பிடித்துத் தேடியவள்

மாங்காடு காமாட்சி அம்மன் கோயிலுக்கு வருகிறவர்களிடம் சொந்த ஊர் எது என்று கேட்பது என் முப்பது வருஷப் பழக்கம். ஊர்ப்பெயரும் அதன் கதையுமாகப் பதினேழு நோட்டு சேர்ந்தது. ஒவ்வொன்றின் கடைசியிலும் அகரவரிசையில் ஓர் அட்டவணை.

ஒருநாள் ஒரு மாணவி வந்து, "ஐயா, காடுன்னு முடியற ஊருங்க எத்தனை வெச்சிருக்கீங்க?" என்றாள். மாங்காடு, பக்கத்துத் திருவேற்காடு, திருவாலங்காடு, ஆற்காடு. இவ்வளவுதான் வாயில் வந்தது. மற்றவை நோட்டுக்குள்தான் இருந்தன. ஆனால் என் அட்டவணை தலையெழுத்தை மட்டும் அறியும். இருந்தும் இல்லாதவனாக அவளை அனுப்பிவைத்தேன். அன்றிரவு தூக்கமில்லை.

வீரமாமுனிவரின் சதுரகராதி என் அலமாரியிலேயே இருக்கிறது. 1732இல் தொகுத்தது. அதன் நாலாம் பகுதியான தொடையகராதி, எதுகை தேடும் புலவருக்காகவே சொற்களை அடுக்கித் தருகிறது. தேடுகிறவர் எந்த நுனியைப் பிடித்துக்கொண்டு வருவார் என்று முனிவர் யோசித்திருக்கிறார். நான் யோசிக்கவில்லை.

விடுமுறைக்கு வந்த பேரன் நோட்டுகளைக் கணினியில் ஏற்றினான். முதலில் முழுச்சொல் தேடல்தான் வைத்தான். 'மாங்காடு' என்று தட்டினால் 'மாங்காட்டில்' வரவில்லை. வேற்றுமை உருபு ஏறினால் தமிழ்ப் பெயர் உருமாறிவிடுகிறதே! பிறகு எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளின் டிரைகிராம் முறைக்கு மாற்றினான். 2020 டிசம்பரில் வந்த வசதி.

ஒரு தாளில் எழுதியும் காட்டினான். நமக்கு 'மாங்காடு' நாலு எழுத்து. கணினிக்கு எட்டுக் குறி: ம, கால், ங, புள்ளி, க, கால், ட, உகரக்குறி. ஒவ்வொரு குறியாக நகர்ந்து மும்மூன்றாக நறுக்கினால் ஆறு துண்டு. எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே பட்டியல் போட்டுவிடுகிறது. தேடும் சொல்லையும் அப்படியே நறுக்கி, எல்லாத் துண்டும் அதே வரிசையில் நிற்கும் இடத்தை மட்டும் எடுத்துக் கொடுக்கிறது. பக்கம் பக்கமாகப் புரட்டும் வேலை இல்லை.

"'காட'ங்கற வரைக்கும் தட்டுங்க தாத்தா" என்றான். கணக்காக மூன்று குறி. அதற்குக் குறைந்தால் இந்த அட்டவணை உதவாது. மாங்காட்டில், ஆற்காட்டுச் சாலை, திருவேற்காடு எல்லாம் இமைப்பதற்குள் வந்து நின்றன. கூடவே காட்சியும் வழிகாட்டியும். அவற்றை நான்தான் உட்கார்ந்து கழித்தேன்.

இடம் கூடுதலாகப் பிடிக்கிறது. புதுப்பக்கம் ஏற்றவும் நேரமாகிறது. ஆகட்டும். வைக்கிறவன் பாடுபட்டால் கேட்கிறவர் காத்திருக்க வேண்டாம்.

அந்த மாணவியைத் தேடிப்பிடித்துப் பேசினேன். ஆய்வேட்டைப் போன மாசமே ஒப்படைத்துவிட்டாளாம். "இருந்தாலும் அனுப்புங்க ஐயா" என்றாள். அன்றைக்கே அனுப்பினேன்.